முசியே லாம்பேருக்குக் காட்டிய ஊர்

செரேன், பெல்ஜியம்
10 மார்ச் 1985

அன்புத் தங்கை ஒர்னெல்லாவுக்கு,

நானும் ஜானினும் ஏதோ நலமாக இருக்கிறோம். குளிர்காலத்தோடு கிளம்ப வேண்டிய இருமல் இந்த வருஷம் கிளம்ப மனசில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. சுரங்கத்தில் இருபத்தைந்து வருஷம் இழுத்த கரித்தூசி நெஞ்சில் குடியேறிவிட்டது, இனி காலி பண்ணாது என்கிறார் டாக்டர். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஒரு காரியமாக எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு நண்பர், பெயர் முசியே லாம்பேர். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செப்டம்பரில் மனைவியோடு சியேனாவுக்கு வருகிறார். குடையைத் தூக்கிப் பிடித்தவள் பின்னால் நாற்பது பேரோடு ஓடுவது அவருக்கு ஆகாது. ஒரு நாள் முழுக்க அவருக்கு மட்டும் வழிகாட்டி வேண்டும். என் தங்கையே லைசென்ஸ் வைத்திருப்பவள்தான் என்றேன்.

கதீட்ரல் அவருக்கு அவ்வளவு முக்கியமில்லை. நம் பேட்டையின் சந்து, எல்லைக் குழாயடி, குதிரை லாயம் இவை போதும். மெதுவாக நடப்பார், மூச்சு கொஞ்சம் குறைவு. கூச்ச சுபாவம், ஆட்களோடு பேச வைக்காதே.

ஜானின் உனக்கு முத்தங்கள் அனுப்புகிறாள்.

உன் அண்ணன்,
நெல்லோ

*

சியேனா
2 ஏப்ரல் 1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் படி ஏறும்போது மட்டும் பேசுகிறது, இறங்கும்போது சும்மா இருக்கிறது. போன வாரம் என் வீட்டுக்காரர் அல்வாரோவுக்கு இரண்டாம் வருஷ நினைவுத் திருப்பலி. அவர் பேட்டைக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். நம்மவர்கள் நாலு பேர் வந்து கடைசி வரிசையில் நின்றார்கள். குதிரைப் பந்தயத்தில் நமக்கு எதிரியான பேட்டையின் மாப்பிள்ளைக்கு அதுவே பெரிய மரியாதை.

உன் நண்பர் சங்கதி விநோதமாக இருக்கிறது. இருபத்துநாலு வருஷமாக ஊர் காட்டுகிறேன். கதீட்ரல் வேண்டாம், லாயம் போதும் என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. சியேனாவுக்கு வந்து லாயம் பார்ப்பது கல்யாண வீட்டுக்கு வந்து அடுப்படி பார்ப்பது மாதிரி. இருந்தாலும் விருந்தினர் இஷ்டம்.

அவரால் ஒரே மூச்சில் எத்தனை படி ஏற முடியும் என்று கேட்டு எழுது. இன்னொன்று. உன் கல்யாணப் பத்திரிகையை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் ஜானினின் அப்பா பெயரும் லாம்பேர் என்றுதான் இருக்கிறது. உறவா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை,
ஒர்னெல்லா

*

செரேன்
28 ஏப்ரல் 1985

அன்புத் தங்கைக்கு,

இங்கே பனி விட்டது. பரிசோதனைக்காகப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், கவலைப்பட ஒன்றுமில்லை.

லாம்பேர் என்பது இந்த ஊரில் தெருவுக்கு ஆறு பேருக்கு இருக்கும் பெயர். உறவெல்லாம் இல்லை. அவர் ஒரே மூச்சில் பதினைந்து படி ஏறுவார், பிறகு ஐந்து நிமிஷம் உட்கார வேண்டும். குழாயடிக்கு இறங்கும் படிக்கட்டில் மூன்றாம் படி உடைந்திருக்கிறது, அங்கே அவர் கையைப் பிடித்துக்கொள்.

முக்கியமாக, லாய வாசலில் பெரியவர்கள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அழைத்துப் போ.

நெல்லோ

*

சியேனா
15 மே 1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

பத்து நாள் பரிசோதனை என்றால் எனக்கு விளங்காதா? ஜானினை எனக்கு நாலு வரி எழுதச் சொல். அவள் பிரெஞ்சில் எழுதினாலும் வாசிக்கத் தெரியும், அதை வைத்துத்தான் சோறு சாப்பிடுகிறேன்.

அந்த மூன்றாம் படியை 1968-லேயே மாற்றிவிட்டார்கள். உன் பெல்ஜிய நண்பருக்குச் செய்தி கொஞ்சம் தாமதமாகப் போகிறது போல.

வழியைப் போட்டுவிட்டேன். வடக்கு வாசலில் ஆரம்பம். பன்னிரண்டு படிக்கு மேல் சேர்ந்தாற்போல் எங்கும் வராது. உட்கார ஏழு இடம். நேற்று ஒரு கல் பெஞ்சில் நானே அரை மணி உட்கார்ந்து, நிழல் எப்போது வருகிறது என்று பார்த்தேன். போகிற வருகிறவர்கள், "என்ன ஒர்னெல்லா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

லாய வாசலில் ஆள் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. உன் காலத்தில் நம் பேட்டையின் பந்தயக் கேப்டனாக இருந்த டீனோவுக்கு இப்போது எழுபத்தெட்டு. காலை எட்டு முதல் பகல் ஒன்று வரை அங்கேதான் நாற்காலி. பக்கத்தில் கசாப்புக்கடை பிரிமோ. மணிக்கூண்டைத் தள்ளி வைத்தாலும் வைக்கலாம், டீனோவை நகர்த்த முடியாது.

நலம் விரும்பும்,
ஒர்னெல்லா

*

சியேனா
20 ஜூலை 1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. நீ நலமாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஜூலைக் குதிரைப் பந்தயம் முடிந்தது. குதிரையைக் கோயிலுக்குள் கொண்டுவந்து மந்திரித்தபோது, பீடத்துக்கு நேர் முன்னால் அது சாணி போட்டது. சகுனம் பிரமாதம் என்று எல்லோரும் கை தட்டினார்கள், பாதிரியாரே சிரித்துவிட்டார். அப்புறம் காம்போ சதுக்கத்தில் ஓடி எட்டாவதாக வந்தோம். எதிரிகள் ஏழாவது. அதனால் ஊர் பெரிதாகத் துக்கப்படவில்லை.

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். இது நாலாவது, கிழிக்கப் போவதில்லை. இந்த ஜூலையோடு முப்பது வருஷம். பந்தயத்துக்கு முந்தின நாள் நம் குதிரை மோர்கானாவுக்குக் கால் போனது. குதிரைக்காரனாகக் காவலிருந்த நீ பின்கட்டில் தூங்கிவிட்டாய் என்று இன்றுவரை சொல்கிறார்கள், ஏனென்றால் நீ அப்படித்தான் சொன்னாய். நீ தூங்கவில்லை. "உடனே குழாயடிக்கு வா, அண்ணா" என்று நான் சீட்டு அனுப்பினேன், நீ வந்தாய். எதிரிப் பேட்டை அல்வாரோவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன், நீதான் அப்பாவிடம் பேச வேண்டும் என்றேன். நீ திரும்பிப் போனபோது மோர்கானாவின் கால் தடுப்புப் பலகையில் சிக்கிக் கிடந்தது. நம் பேட்டை அந்தத் தடவை ஓடவில்லை. எதிரிகள் ஜெயித்தார்கள். நீ சுரங்கத்துக்குப் போனாய். நீ போன துக்கத்தில் என் கல்யாணத்தை எதிர்க்கக்கூட அப்பாவுக்குத் தெம்பில்லை.

அந்தச் சீட்டைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் எதிரியோடு சேர்ந்து திட்டம் போட்டேன் என்றிருப்பார்கள், இந்தத் தெருவில் என்னால் நடந்திருக்க முடியாது. நீ அதைத் தெரிந்துதான் தூங்கினேன் என்றாய். முப்பது வருஷமாக உனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறேன். ஒரு தரமாவது இதை எழுதியிருக்க வேண்டும்.

எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி போடு.

ஒர்னெல்லா

*

செரேன்
12 ஆகஸ்ட் 1985

அன்புத் தங்கைக்கு,

ஜூனில் மூன்று வாரம் ஆஸ்பத்திரி. இப்போது வீட்டில் இருக்கிறேன். பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருக்கிறார்கள், எப்போதாவதுதான் தேவைப்படுகிறது.

பழைய விஷயத்தை இனி எழுதாதே. அது முடிந்துபோனது.

லாம்பேர் செப்டம்பர் 17, காலை ஒன்பது மணிக்கு வடக்கு வாசலில் நிற்பார். அவருக்கு நம் பாஷை தெரியாது, பிரெஞ்சு மட்டும்தான். வழிகாட்டி வழிகாட்டியாக மட்டும் பேச வேண்டும், வேறு பேச்சு வேண்டாம் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. மறுநாள் காலையில் ரயில்.

நெல்லோ

*

சியேனா
30 ஆகஸ்ட் 1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

செப்டம்பர் 17, ஒன்பது மணி, வடக்கு வாசல். குறித்துக்கொண்டேன். தொப்பி கொண்டுவரச் சொல், மதியம் வரை வெயில் இருக்கும். ஆக்சிஜன் சிலிண்டர் தேவைப்பட்டால் அதையும் கொண்டுவரட்டும், தூக்க நான் இருக்கிறேன்.

நிபந்தனைக்குச் சம்மதம். வழிகாட்டியாக மட்டுமே பேசுவேன். ஆனால் எங்கள் தொழிலிலும் ஒரு வழக்கம் உண்டு: எந்த இடத்தைப் பார்ப்பது என்பது விருந்தினர் உரிமை, அந்த இடத்தில் என்ன சொல்வது என்பது வழிகாட்டியின் உரிமை. இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

நல்லபடியாக வந்து சேரட்டும்.

ஒர்னெல்லா

*

சியேனா
25 செப்டம்பர் 1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் ஜானினும் நலம்தானே? நீ அனுப்பிய விருந்தினருக்கு ஊரைக் காட்டி முடித்தேன். நீதான் கூட வரவில்லையே, அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

முசியே லாம்பேர் எட்டரைக்கே வந்து நின்றிருந்தார். ரொம்ப மெலிந்திருந்தார். கை கொடுத்தார், கொடுத்த கையை எடுக்க மறந்துவிட்டார். அவர் மனைவி நல்ல பெண்மணி, என்னைப் பார்த்ததும் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்து நாள் முழுக்கத் தேடிக்கொண்டே இருந்தாள்.

நான் பிரெஞ்சில் பேசினேன், அவர் தலையாட்டினார். முதல் நாலு பெஞ்சிலும் உட்கார்ந்தோம். ஐந்தாவதுக்கு முன்னால், நான் திரும்பச் சொல்வதற்குள் அவரே இடது பக்கம் திரும்பிவிட்டார். நான் கவனிக்காத மாதிரி வரைபடத்தைப் பார்த்தேன். குழாயடியில் குனிந்து கையால் தண்ணீர் அள்ளிக் குடித்தார். மூன்றாம் படியில் ஒரு கணம் நின்று, காலால் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

பதினொன்றரைக்கு லாயம். டீனோவும் பிரிமோவும் வழக்கம்போல நாற்காலியில். டீனோ இவரை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"யாரும்மா இது?"

"பெல்ஜியத்துக்காரர், டீனோ மாமா. ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தவர்."

"ஓகோ. பெல்ஜியத்துல இப்ப பந்தீனி வீட்டுக் காது விக்கிறாங்களா?"

நம் பந்தீனி வீட்டுக் காது ஊருக்கே தெரிந்தது, பிரிமோ சிரித்தார். லாம்பேருக்குப் புரியவில்லை, பாவம், தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

லாயத்துக்குள் போனோம். இப்போது வெள்ளையடித்து, தண்ணீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள். தடுப்புப் பலகை புதுசு. அவர் அதன் மேல் கை வைத்து நின்றார். நான் வழக்கமாகச் சொல்வதைப் பிரெஞ்சில் சொன்னேன். ஒவ்வொரு பேட்டைக்கும் அதன் குதிரை குலுக்கலில் வரும். அன்றிலிருந்து நாலு நாள் குதிரைக்காரன் அதோடுதான் சாப்பிட வேண்டும், அதோடுதான் தூங்க வேண்டும், கதவை விட்டு நகரக் கூடாது. குதிரைக்கு ஏதாவது ஆனால் மாற்றுக் குதிரை கிடையாது, அந்தப் பேட்டை அந்தத் தடவை ஓடாது.

அதற்குப் பிறகு நான் நம் பாஷைக்கு மாறினேன். வாசலில் இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

"இந்த லாயத்துல அம்பத்தஞ்சாம் வருஷம் ஒரு குதிரைக்காரன் இருந்தான். தூங்கிட்டான், குதிரை போச்சுன்னு ஊர் சொல்லுது. அவன் தூங்கல. அவன் தங்கச்சி சீட்டு எழுதிக் குழாயடிக்குக் கூப்பிட்டா. எதிரிப் பையன கட்டிக்கணும், அப்பாகிட்ட பேசுன்னு கேக்கறதுக்கு. பத்து நிமிஷம் அவன் இங்க இல்ல. அவ பேரு வெளிய வரக்கூடாதுன்னு தூங்கிட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அந்தத் தங்கச்சி நான்தான்."

லாம்பேர் பலகையை விட்டுக் கையை எடுக்கவில்லை. பிறகு பிரிமோதான் எழுந்தார்.

"அப்ப ஒன் கல்யாணத்துக்காகவா நம்ம குதிரை போச்சு? அதுவும் அவனுங்க வீட்டுக்கு?" நாற்காலியை மடக்கிக்கொண்டு கடைக்குள் போய்விட்டார்.

டீனோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "முப்பது வருஷம் அவன தூங்குமூஞ்சின்னு சொன்னவன் நான்தான்" என்றார். மெதுவாக எழுந்து உள்ளே வந்தார். தன் கழுத்தில் கட்டியிருந்த பேட்டைத் துண்டை அவிழ்த்து லாம்பேர் கழுத்தில் போட்டார்.

"வெயில் ஜாஸ்தி. கட்டிக்கய்யா. பெல்ஜியத்துல இந்த வெயில் இருக்காது."

உனக்குத் தெரியும், அந்தத் துண்டை வெளியாளுக்குக் கொடுக்க மாட்டோம். ஞானஸ்நானத்தன்று கட்டியது, சவப்பெட்டியில்தான் கூட வரும். லாம்பேர் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் மூச்சு வாங்கினார். அவர் மனைவிக்குக் கைப்பையில் தேடியது கடைசியில் கிடைத்துவிட்டது, கைக்குட்டைதான்.

மதியம் பூண்டுக் குழம்போடு பிச்சி பாஸ்தா சாப்பிட்டோம். நம் உப்பில்லாத ரொட்டியால் தட்டை வழித்துச் சாப்பிட்டார். இத்தனை வருஷத்தில் ரொட்டிக்கு உப்பு கேட்காத முதல் வெளிநாட்டுக்காரர் அவர்தான். கதீட்ரலுக்குப் போகவேயில்லை.

பிரிமோ என்னோடு பேசுவதில்லை. கறி கேட்டால் வெட்டித் தருகிறார், முகம் பார்ப்பதில்லை. பரவாயில்லை, எனக்கு மனசு லேசாக இருக்கிறது.

அவர் சுகமாக ஊர் வந்து சேர்ந்தாரா என்று எழுது.

ஒர்னெல்லா

*

செரேன்
20 அக்டோபர் 1985

அன்புத் தங்கைக்கு,

லாம்பேர் பத்திரமாக வந்து சேர்ந்தார். வந்ததும் ஒரு வாரம் படுக்கை, இப்போது பரவாயில்லை. வழிகாட்டி மிக நன்றாகக் காட்டினாள், ஒரே ஒரு இடத்தில்தான் தவறான தகவல் சொன்னாள் என்கிறார்.

போதும். லாம்பேரை ரயிலேற்றி அனுப்பிவிட்டேன். இனி நானே எழுதுகிறேன்.

பத்து நிமிஷம் என்றாய். நீ என்னோடு பேசியது பத்து நிமிஷம்கூட இல்லை, ஒர்னெல்லா. ஏழு இருக்கும். அழுதாய், நான் அப்பாவிடம் பேசுகிறேன் என்றேன், நீ போய்விட்டாய். நான் திரும்பும்போது மேல் சந்தில் குளம்புச் சத்தம் கேட்டது. எதிரிகள் தங்கள் சாம்பல் குதிரையை நடத்திக்கொண்டு போனார்கள். காலைச் சோதனை ஓட்டத்தில் அதற்கு இடது முன்கால் இடறியது என்று ஊரெல்லாம் பேச்சு. நொண்டுகிறதா இல்லையா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று பின்னாலேயே போனேன். சுவரோரமாக ஒளிந்து ஒளிந்து, மேல் வாசல் வரைக்கும். அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. அவர்கள் குதிரையின் காலை நான் எண்ணிக்கொண்டிருந்தபோது இங்கே என் குதிரையின் கால் போனது.

நேராக வந்திருந்தால் மோர்கானா ஓடியிருப்பாள். உன் சீட்டால் அவள் கெடவில்லை, என் புத்தியால் கெட்டாள். உன்னைக் காப்பாற்றத் தூங்கினேன் என்று சொன்னதாக நினைத்திருக்கிறாய். பாதி அதுதான். மீதி, எதிரிக் குதிரையை வேடிக்கை பார்க்கப் போனேன் என்று சொல்ல வெட்கம். நீ உன் மேல் பழி போட்டுக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முப்பது வருஷம் விட்டுவிட்டேன். ஊர்க்காரர்கள் முகத்துக்குப் பயந்து நான் வராமல் இருக்கவில்லை. உன் முகத்துக்குத்தான் பயந்தேன். லாயத்தில் நீ உரக்கச் சொன்னபோதுகூட வாய் திறக்கவில்லை. மன்னித்துவிடு.

டீனோவின் துண்டை இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். பொய்க்குக் கிடைத்தது, என்னிடம் இருக்கக் கூடாது. இந்தக் கடிதத்தை அவருக்கும் பிரிமோவுக்கும் வாசித்துக் காட்டு. அடுத்த கோடையைப் பற்றி டாக்டர் எதுவும் பேசுவதில்லை, அதனால் இப்போதே எழுதிவிட்டேன்.

உன் அண்ணன்,
நெல்லோ பந்தீனி

*

சியேனா
14 நவம்பர் 1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே குளிர் வந்துவிட்டது, முழங்காலுக்குக் கம்பளி சுற்றியிருக்கிறேன். உன் மூச்சு எப்படி? ஜானின் தனியாக எழுதிய கடிதமும் வந்தது, எல்லாம் தெரிந்துகொண்டேன்.

உன் கடிதத்தை முதலில் நான் மட்டும் வாசித்தேன். இரண்டு நாள் உன் மேல் அப்படி ஒரு கோபம், தட்டுகளைக் கழுவும்போது ஒன்று உடைந்தேவிட்டது. மூன்றாம் நாள் அழுதேன். நாலாம் நாள் லாயத்துக்கு எடுத்துப் போனேன்.

டீனோ துண்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பிரிமோ கடை வாசலில் முதுகைக் காட்டி நின்று கேட்டார். சாம்பல் குதிரை பின்னால் நீ போன இடம் வந்ததும் திரும்பிவிட்டார்.

"இடது முன்காலா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"அதத்தான் நானும் அன்னிக்குச் சொன்னேன்! யாரு கேட்டீங்க?" என்று டீனோ மேல் பாய்ந்தார். நான் கடைசி வரை வாசித்து மடித்தேன். மன்னிக்கிறோம், மன்னிக்கவில்லை என்று ஏதாவது சொல்வார்கள் என்று நின்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இவ்வளவு எழுதினான், முக்கியமானத எழுதலியே" என்றார் டீனோ.

"என்ன மாமா?"

"அந்தச் சாம்பல் குதிரை நொண்டிச்சா, இல்லையா?"

எழுதிக் கேட்கிறேன் என்றேன். பிரிமோ பதறிவிட்டார். "எழுதறதா? நம்ம தெரு தபால்காரன் யாரு? அவனுங்க பேட்டை! வேணவே வேணாம். நேர்ல வரட்டும்."

டீனோ துண்டை மடித்து என் கையில் கொடுத்தார். "இதத் திருப்பி அனுப்பு. ஜூன் இருபத்தொம்பது குலுக்கல், அன்னிக்கு இதக் கட்டிக்கிட்டு வந்து என் காதுல சொல்லச் சொல்லு. அதுவரைக்கும் மூச்ச சிக்கனமா செலவு பண்ணச் சொல்லு."

துண்டு இந்தப் பார்சலில். இன்று காலை பிரிமோ நல்ல தொடைக்கறியாக எடுத்துக் கொடுத்து, "அண்ணனுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். ஜூன் 29, காலை ஒன்பது மணி, வடக்கு வாசல், ஒருவருக்கு மட்டும், முழு நாள். குறித்து வைத்துவிட்டேன். பெயர் நெல்லோ பந்தீனி என்று எழுதியிருக்கிறேன்.

உன் தங்கை,
ஒர்னெல்லா